மச்சான் எழுதிய சிரிப்புக் கதை

குமாரபாளையத்தில் ஒரு சைசிங் மில்லில், பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற இடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஜீவானந்தத்தை மில்லுக்குள் மேஸ்திரி என்பார்கள். மில் கேட்டைத் தாண்டிவிட்டால் அவர் சிரிப்புக் கதைக்காரர். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வருகிற முகம் கிடையாது. ஒட்டின கன்னம், காதோரம் நரை, யாராவது குரலை உயர்த்தினால் சத்தமில்லாமல் சுவரோரம் போய் நின்றுகொள்கிற சுபாவம். இந்த மனுஷனா நாவல் எழுதினார், அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நாவல் என்று கேட்காத ஆள் இல்லை. எழுதினார், எழுதித்தான் தொலைத்தார். அவர் பாட்டுக்குக் கஞ்சிக் கொப்பரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருந்தால் ஒரு பொம்பளையின் உடம்பு கொஞ்சமாவது தப்பித்திருக்கும்.

அந்தப் பொம்பளை வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தங்கை நர்மதா. அவளைச் சங்ககிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பூபதி பைபாஸ் ஓரத்தில் லாரி ஆபீஸ் வைத்திருந்தான். வாட்டசாட்டமான ஆள், வெள்ளை வேட்டி, பேச்சில் வாங்க போங்க என்று மரியாதை வழியும். கைதான் சும்மா இருக்காது. டிரைவர் தாமதமாக வந்தால் அறை, தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லையென்றால் உதை, டீயில் சர்க்கரை குறைந்தால் டம்ளர் பறக்கும். பெண் கொடுக்கும் முன் விசாரித்தபோது கொஞ்சம் கோபக்காரர், ஆனால் மனசு தங்கம் என்றார்கள். அந்தத் தங்கத்தை எந்தக் கடையில் உரசிப் பார்த்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

ஒரு ஆடி மாதம் தங்கையை அழைத்துவரப் போன ஜீவானந்தம் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. பூபதி எழுந்தான், கையைக்கூடக் கழுவவில்லை, நர்மதாவின் பின்னலைச் சுருட்டிப் பிடித்துக் கதவு நிலையில் முகத்தை மோதினான். ஒரு தரம் மோதி, தலையைப் பின்னால் இழுத்து, மறுபடி மோதினான். பல் தெறித்து ஜீவானந்தத்தின் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை, ரத்தம்தான் வந்தது. ஜீவானந்தம் இலையில் வைத்த கையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தரம் மோதுவதற்காக அவன் இழுத்தபோது, இவருடைய வாய் தன்னைப்போல ஒன்றைச் சொன்னது.

“மாப்ள, கதவுக்கு வலிக்கப்போவுதுங்க.”

பூபதி திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓவென்று சிரித்தான். பின்னலை விட்டுவிட்டான். மச்சான் குசும்புக்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து மோர் ஊற்றச் சொன்னான்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பக்கத்து முறை தெரிய வேண்டும். பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் நின்று நியாயம் கேட்கக் கூடாது. கேட்பதென்றால் பெரியவர்களை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேலி செய்யலாம். எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை இலையில் பச்சை மிளகாயை மறைத்து வைக்கலாம், தலைத் தீபாவளிக்கு வந்தவனின் வண்டிச் சாவியை ஒளித்துவைத்து அலையவிடலாம், அவன் தொப்பையைப் பற்றி ஊர் முன்னால் பேசலாம். மச்சான் கேலிக்கு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் அவனுக்குத்தான் கேவலம். ஆகமொத்தம் ஜீவானந்தத்துக்கு அந்த வீட்டில் பேச உரிமையிருந்த ஒரே பாஷை கேலி. அந்தக் கேலி ஒரு அடியைத் தடுத்துவிட்டதே என்கிற சந்தோஷத்தில்தான் மனுஷன் புத்தி தடம் மாறியது.

ஊர் பூராவும் இவனைப் பார்த்துச் சிரித்தால் வெட்கப்பட்டாவது கையை மடக்கிக்கொள்வான் என்று நினைத்தார். பாவு ஓடிக்கொண்டிருக்கையில் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனிலேயே எழுத ஆரம்பித்தார். லோகநாதன் என்று ஒரு லாரி ஆபீஸ்காரர், எல்லோரையும் கை நீட்டுகிறவர். அவர் மனைவிக்குக் கதையில் பெயரே கிடையாது.

அடிக்கிறவனைப் பற்றிச் சிரிப்பாக எழுதுவது எப்படி என்பதை அவர் எழுதி எழுதியே கண்டுபிடித்தார். ‘அறைந்தான்’ என்று எழுதினால் படிக்கிறவன் முகம் சுளிக்கிறான். அதே கை, அதே கன்னம், வார்த்தையை மட்டும் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் போட்டால் சிரிக்கிறான். இப்படித்தான் எழுதினார்: ‘நிகழும் மங்களகரமான ஐப்பசி மாதம், டீக்கடை வாசலில், பெரியோர்கள் முன்னிலையில், கிளீனரின் இடது கன்னத்தில் லோகநாதனின் வலது கரம் சுபமுகூர்த்தம் கண்டது. சுற்றமும் நட்பும் வந்திருந்து வாழ்த்தினார்கள்.’ நடப்பது ஒரு பக்கம் போகிறது, சொல்லுகிற தோரணை வேறு பக்கம் போகிறது. படிக்கிறவன் நடுவில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். அவருடைய புத்தகங்களில் ‘அடி’ என்ற சொல்லே கிடையாது. லோகநாதன் உபசரிப்பார், ஆசீர்வதிப்பார், பரிமாறுவார், சில சமயம் மரியாதை செலுத்துவார். சொல்கிறவன் மட்டும் சிரித்துவிடக் கூடாது. பஞ்சாங்கம் வாசிக்கிற முகத்தோடு சொல்ல வேண்டும்.

முதலில் படித்தவள் அவர் மனைவி சாரதாமணி. நன்றாகத்தான் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

“ஏனுங்க, அடி வாங்குனவன் அப்பறம் எங்க போனான்?”

அவன் அடுத்த வரியில் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான் என்று விளக்கினார். போகத்தான் வேண்டும். அவன் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, முன்னால் கட்டிவைத்த சிரிப்பு அத்தனையும் செத்துவிடும். சிரிப்புக் கதையில் அடிபட்டவனுக்குப் பேச்சு கிடையாது. அதனால் லோகநாதனின் மனைவிக்கும் ஒரே ஒரு வசனம்தான் வைத்திருந்தார். புருஷன் யாரை உபசரித்து முடித்தாலும், அவளையே உபசரித்தாலும், வாசற்படிக்கு வந்து ‘ஏனுங்க, காப்பி ஆறிப்போவுதுங்க’ என்பாள். அந்த இடத்துக்கு வந்தாலே ஜனம் உருண்டு சிரித்தது. சாரதாமணி மேற்கொண்டு கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செல்போனில் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றிய கதையைச் சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகளில் ஒருத்தர் சத்தமாகப் படிக்க மூட்டை தூக்குகிறவர்கள் முதற்கொண்டு நின்று கேட்டார்கள். ஒன்று இரண்டாகி மூன்றாகிவிட்டது. லோகநாதன் யார் என்பது சங்ககிரி பைபாஸில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பூபதிக்கு விஷயம் போனால் ஜீவானந்தத்தின் எலும்பை எண்ணிவிடுவான் என்று சொந்தக்காரர்கள் பயந்தார்கள். ஜீவானந்தம் பயந்தாலும், உள்ளுக்குள் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். அவமானப்பட்டுக்கொண்டு வருவான், வரட்டும் என்று இருந்தார்.

வந்தான். மில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, கூடை நிறைய மாம்பழத்தோடு இறங்கினான். மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். என்னைப் பத்திப் பொஸ்தகம் போட்டிருக்கீங்களே மச்சான், எங்க பரம்பரையிலேயே எவனைப் பத்தியும் பொஸ்தகம் வந்ததில்லை என்று கண் கலங்கினான். கட்டுக்கட்டாக வாங்கிப்போய் ஆபீஸில் அடுக்கிவைத்து வந்தவன் போனவனுக்கெல்லாம் கொடுத்தான். மச்சான் கேலி என்றால் பாசம் என்பதுதானே அவர்கள் வழக்கம். எவ்வளவு கேலியோ அவ்வளவு பாசம். இந்த மனுஷன் மூன்று புத்தகம் நிறையக் கேலி எழுதிவிட்டு, அது குற்றப்பத்திரிகை என்று அவனுக்குப் புரியும் என எதிர்பார்த்திருக்கிறார். என்னத்தைச் சொல்ல.

அதற்கப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. பூபதி லோகநாதனாகவே ஆகிவிட்டான். முன்பெல்லாம் கோபம் வந்தால் அடிப்பான். இப்போது ஆள் சேர்ந்தால் அடித்தான். வேட்டியை மடித்துக் கட்டி, தொண்டையைச் செருமி, ‘உபசரிக்கட்டுங்களா?’ என்று கேட்பான். சுற்றி நிற்பவர்கள் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம்தான் கை இறங்கும்.

ஒருநாள் ஜீவானந்தமே அங்கே இருந்தார். அங்கமுத்து என்று ஒரு டிரைவர், பூபதியைவிட வயதில் மூத்தவர், லோடு இறக்கின இடத்தில் ஒரு தார்ப்பாயை விட்டுவிட்டு வந்துவிட்டார். பூபதி ஜாக்கி லீவரைக் கையில் எடுத்துக்கொண்டு, “அங்கமுத்து ஐயாவுக்கு இன்னிக்குச் சுபமுகூர்த்தம். மச்சான் வேற வந்திருக்காரு, பெரியோர்கள் முன்னிலையில ஆச்சு” என்றான். ஆபீஸே சிரித்தது. பாவம் அங்கமுத்துவும் சிரித்தார், விளையாட்டு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். முதல் அடி முழங்காலில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவர் குப்புற விழுந்தபின் முதுகில் ஒன்று, தடுக்க வந்த கையின் மேல் ஒன்று. சிரிப்பு உடனே நிற்கவில்லை. வண்டி பிரேக் போட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடித்தான் நின்றது. அங்கமுத்து அடுத்த வரியில் எழுந்திருக்கவில்லை. விரல்கள் திசைக்கு ஒன்றாகத் திரும்பிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆத்தா ஆத்தா என்று தரையைப் பார்த்து அழுதார். கிளீனர்கள் அவரை ஒரு லாரியின் முன் சீட்டில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது என்று யாரைக் கேட்டாலும் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார் என்றார்கள்.

ஜீவானந்தம் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். நாலாவது புத்தகம் பாதி எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து அத்தனையும் அழித்தார். அழித்து என்ன பிரயோஜனம், மூன்று புத்தகமும் ஆயிரம் பேர் வாயில் இருக்கிறதே.

பங்குனியில் நர்மதா வந்து சேர்ந்தாள். காலை வேளை, சாரதாமணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள், தலையில் முக்காடு, வலது மணிக்கட்டு வீங்கித் தொங்குகிறது. முக்காட்டை எடுத்தால் இடது காதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அந்தக் காதில் எதுவும் கேட்கவில்லை என்றாள். தோளைத் திறந்து காட்டினாள். பெல்ட்டின் இரும்புக் கொக்கி பதிந்த இடமெல்லாம் சீழ் கட்டியிருந்தது. சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்மதா அழவில்லை. அண்ணனைப் பார்த்து, ஏதோ கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள்.

“அடிச்சுட்டு நிறுத்திட்டு நிப்பாருண்ணா. நான் அந்தக் காப்பி வசனத்தைச் சொல்லோணும். சொல்லாட்டி மறுபடி ஆரம்பிப்பாரு. சிரிச்ச மொகமாச் சொல்லோணும். கூட்டாளிக யாராச்சும் வந்திருந்தா, சத்தமாச் சொல்லோணும். பல்லு போன வாயில ‘காப்பி’ங்கறதுக்குக் காத்துத்தான் வந்துச்சு. அதுக்கும் சிரிச்சாங்க.”

ஜீவானந்தம் சுவரோரம் போய் நின்றார். போக அங்கே வேறு இடமில்லை. நான் கட்டிக்கொடுத்த ஒற்றை வசனத்தைத்தான் அவன் என் தங்கை வாயில் திணித்திருக்கிறான் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இனி அங்கே போனால் உசுரோடு வரமாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். போக விடமாட்டேன் என்றார். முறைப்படி என்றால் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைக்க வந்தார்கள். வாழைத்தாரும் பூவுமாக ஒரு வேன் நிறைய ஆள். நடுவில் தங்கமுத்து என்கிற பெரியவர், இரண்டு பக்கத்துக்கும் சொந்தம், அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு. போகச் சொன்னால் நர்மதா அன்றைக்கே அந்த வேனில் ஏறியாக வேண்டும். பூபதி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, என்ன மச்சான் இளைச்சுப்போயிட்டீங்க என்று விசாரித்தான்.

முதலில் நர்மதாவைப் பேசச் சொன்னார்கள். அவள் ஜன்னலோரம் நின்றபடி, ரசம், கதவு நிலை, பெல்ட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பி என்ற வார்த்தை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், அது அம்மை மாதிரிப் பரவியது. வாயில் துண்டை வைத்து அடக்கினார்கள், அடக்கியதில் இன்னும் பீறிட்டது. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளை பெற்றவர்கள்தான். ஆனால் அந்த வீட்டுச் சண்டையை அவர்கள் இதுவரை சிரித்துக்கொண்டே கேட்டுப் பழகியிருந்தார்கள், பழக்கிவிட்டவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நர்மதா பேச்சை நிறுத்திவிட்டாள்.

தங்கமுத்து ஜீவானந்தத்தைப் பார்த்துச் சாந்தமாகவே கேட்டார். “ஏஞ்சாமி, உன்ற தங்கச்சி சொல்றது நெசம்னா நீ இத்தனை நாளா இதை வச்சுச் சிரிப்புக் கதை எழுதுவியா? மச்சான் கேலி பண்ற எடத்துல பெரிய வெனை எதுவும் இருக்காதப்பா.”

ஜீவானந்தம் பேச முன்னால் வந்தார். எல்லாத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தால், பாழாய்ப் போன நாக்கு பழகின தடத்தில் போய்விட்டது. “மாப்பிள்ளை என் தங்கச்சியை உபசரிச்சது” என்று தொடங்கிவிட்டார். கூடம் அதிர்ந்தது. பூபதி தொடையைத் தட்டிச் சிரித்தான். இல்லைங்க, இல்லைங்க என்று கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை ஜோடனை இல்லாமல் சொன்னார். தலைமுடியைப் பிடித்தான், நிலையில் மோதினான், பல் விழுந்தது, நான் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை, பயத்தில் முகம் மரத்துப் போயிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டுச் சொல்றதுதானுங்களே இவரு ஸ்டைலு என்று ஒருத்தர் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கினார். அடுத்த பொஸ்தகத்துக்கு அச்சாரம் என்றான் பூபதி.

அந்த இடத்தில் ஜீவானந்தத்துக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மச்சானாக நிற்கிற வரைக்கும் அவர் எதைச் சொன்னாலும் கேலிதான். அழுதாலும் கேலிதான். சொல்லால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நர்மதா ஏற்கெனவே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

முறைப்படி மச்சான் கை மாப்பிள்ளை மேல் படுவது மணவறையில் கால் கழுவிவிடும்போது மட்டும்தான், மற்றபடி கை நீட்டினால் மச்சான் முறையே போய்விடும். ஜீவானந்தம் போய்ப் பூபதியின் வாயில் அறைந்தார். கஞ்சிச் சூடு பட்டுப் பட்டுக் காய்த்த கை, எதிர்பார்த்ததைவிடப் பலமாக விழுந்தது. பூபதியின் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அதற்கும் யாரோ ஒருத்தர் பாதிச் சிரிப்புச் சிரித்துவிட்டு விழுங்கிக்கொண்டார். மாப்பிள்ளையை மச்சான் கை நீட்டிவிட்டான் என்பது கூடத்துக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. உறைத்தபோது உறவு அறுந்துவிட்டது.

பூபதிக்கு அப்போது லோகநாதனும் நினைவில்லை, சுபமுகூர்த்தமும் நினைவில்லை. மடக்குநாற்காலியைத் தூக்கி ஜீவானந்தத்தின் தோளில் போட்டான். அவர் விழுந்ததும் விலாவில் உதைத்தான். செருப்புக் காலால் காதை மிதித்துத் தரையோடு தேய்த்தான். விலா எலும்பு உள்ளே நொறுங்கியது வாசல்வரை கேட்டது. ஜீவானந்தம் கத்தினார். வலிக்குது, வலிக்குது என்று கத்தினார். அதில் தோரணை எதுவும் இல்லை. மூக்கு ஒழுகி, வாயில் ரத்தக் குமிழி ஊதி, வேட்டி நனைந்து, ஒரு வளர்ந்த மனுஷன் கத்தக் கூடாத மாதிரியெல்லாம் கத்தினார். உதை நின்ற பிறகும் கத்தினார். கேட்கச் சகிக்கவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து பூபதியைப் பின்னால் இழுத்தார்கள். அவன் திமிறிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தான். எதிரில் ஒரு முகமும் அவனுக்குத் தோதாக இல்லை. தங்கமுத்து மெதுவாக எழுந்து தரையில் கிடந்தவரைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலோரம் நின்றவளின் காதையும் மணிக்கட்டையும் பார்த்தார். அவளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

“வாழைத்தாரை எடுத்து வண்டியில ஏத்துங்கப்பா. புள்ளை வரமாட்டா” என்றார்.

மூன்று விலா எலும்பும் தோளும் உடைந்து ஜீவானந்தம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவு தெளிந்ததும் முதலில் கேட்டது நர்மதாவைத்தான். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், மணிக்கட்டில் மாவுக்கட்டு. எல்லாம் முடிஞ்சுதில்ல, இனி நம்ம ஊட்டிலயே இருந்துக்கலாம் சாமி என்று குழறினார். அவர் கண்ணில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, அதை அவரால் மறைக்க முடியவில்லை. நர்மதா அதைக் கவனித்தாள். ஈரத்துணியால் அவர் வாயோரத்துக் காய்ந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“ஒரு மத்தியானம் வாங்கினதுக்கே எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்கண்ணா. நான் வருசக்கணக்கா வாங்கினேன். அதுலயும் உன்ற பொஸ்தகம் வந்ததுக்கு அப்பறம் வாங்கினதுதான் ஜாஸ்தி.”

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் விலா குத்தியது, இருந்தும் அழுதார். அவள் துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் காயப்போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறேன், அங்கமுத்து அண்ணனும் கட்டுப்போட்ட கையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றாள். ஜீவானந்தம் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நானும் வாரேன், கண்ணால பார்த்தவன் நான்தானே, அத்தனையும் எழுதிக் கொடுக்கறேன் என்றார்.

நர்மதா அவர் நெஞ்சில் கை வைத்து மெதுவாகப் படுக்க வைத்தாள்.

“நீ வராதேண்ணா. நீ வாயைத் தொறந்தா அங்கயும் சிரிப்பாங்க.”

சாரதாமணி பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பேரும் வார்டைத் தாண்டிப் படி இறங்குகிற சத்தம் கேட்டது.